இரண்டு தோட்டாக்களின் பயம்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையின் ஸ்டோர்ஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கார் கம்பெனியின் லைனுக்குப் போகவேண்டிய பாகங்களை எண்ணி, ஏற்றி, நேரத்துக்கு அனுப்பும் வேலை. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் அந்த வட்டாரத்தில் யாரும் அதிகமாக இருப்பு வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும்போது தேவைப்படும் அளவு மட்டும் என்பது ஜப்பானிய கார் ஆலைகள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த முறை. கிடங்கில் தூங்கும் பாகம் தூங்கும் பணம். அதனால் கையிருப்பு எப்போதும் சில மணி நேரத்துக்குத்தான் காணும். லாரி ஒன்று மழையில் மாட்டிக்கொண்டால் அங்கே லைன் நிற்கும். சி ஷிப்டில், இருப்பு எழுதும் பின் கார்டில் இருக்கும் எண்ணும் ரேக்கில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாமல் நிற்கும்போது வயிற்றில் ஒன்று புரளும். அது எனக்கு முன்பே பழக்கமான புரளல். பள்ளி நாட்களில் ஒரு ஜப்பானிய வீடியோ கேம் விளையாடியபோது வந்தது அதுவேதான்.

1996 மார்ச்சில் காப்காம் நிறுவனம் அந்த விளையாட்டை ஜப்பானில் 'பயோஹஸார்ட்' என்ற பெயரில் வெளியிட்டது. மற்ற நாடுகளில் அது 'ரெசிடென்ட் ஈவில்'. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. தயாரிப்பாளர் டோகுரோ ஃபுஜிவாரா, 1989இல் 'ஸ்வீட் ஹோம்' என்ற பேய்வீட்டு விளையாட்டை இயக்கியவர். அதன் வித்துகள் பல இதில் முளைத்திருக்கின்றன. காட்டு நடுவே ஒரு மாளிகை. வெறிபிடித்த நாய்களிடமிருந்து தப்பி ஓடிவந்து சில காவல்படையினர் அதற்குள் புகுகிறார்கள். உள்ளே பிணங்கள் நடமாடுகின்றன. கதை இவ்வளவுதான். வசனமும் நடிப்பும் மோசம். அதைப் பற்றி யாரும் சண்டை போடப்போவதில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்த மாளிகை மனிதர்களின் தூக்கத்தில் நிற்பதற்குக் கதை காரணமில்லை.

காரணம் ஒரு சின்னப் பெட்டி. ஜில் வாலண்டைன் என்ற பெண்ணாக ஆடினால் எட்டுப் பொருட்களைச் சுமக்கலாம். கிறிஸ் ரெட்ஃபீல்டாக ஆடினால் ஆறு. துப்பாக்கி ஓர் இடம், தோட்டா ஓர் இடம், காயத்துக்குப் போடும் பச்சிலை ஓர் இடம், சாவி ஓர் இடம். இதுவரை ஆடியதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் போதாது, கையில் மை ரிப்பன் இருக்க வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு ரிப்பன். ரிப்பன்களும் எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ரிப்பனும் ஆறில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்துப்போனால் பச்சிலையை விட்டுப்போக வேண்டும். பச்சிலையை எடுத்துப்போனால் வழியில் கிடைக்கும் தோட்டாவை எடுக்க இடமிருக்காது.

ஸ்டோர்ஸ்காரனுக்கு இது பேய்க்கதையாகத் தெரியாது, கணக்காகத் தெரியும். அந்தக் கணக்குதான் பயம் என்பது என் துணிபு. தோட்டா ஒன்றுகூட இல்லாதபோது இந்த விளையாட்டில் பயம் குறைந்துவிடுகிறது. ஓட வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டால் மனம் ஒருவகையில் லேசாகிவிடும். தோட்டா நிறைய இருந்தாலும் பயமில்லை. இரண்டே தோட்டா இருக்கும்போதுதான் கை வியர்க்கிறது. எதிரே வருவதைச் சுடவா, சுற்றிக்கொண்டு ஓடவா? இந்த வழியில் இன்னும் எத்தனை முறை வரவேண்டியிருக்கும்? அடுத்த கதவுக்குப் பின்னால் இதைவிட மோசமாக ஒன்று இருந்தால்? கோரமான முகம் ஒரு நொடிக்குத் திடுக்கிட வைக்கும். எடுத்த முடிவு சரியா என்ற கேள்வி அரை மணி நேரம் கூடவே வரும். மாதக் கடைசியில் அரிசி டப்பாவின் அடியில் ஆழாக்கு தட்டும்போது அம்மா நின்று யோசிப்பாரே, அந்த யோசனையைத் திரையில் கொண்டுவந்தவர் மிகாமி.

மிகாமியே 2002இல் அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்தபோது கணக்கை இன்னும் இறுக்கினார். முதல் பதிப்பில் விழுந்த பிணம் விழுந்ததுதான். இரண்டாவதில், தலை சிதறாமல் விழுந்த பிணத்தை எரிக்காமல் விட்டால் அது சிவந்த முகத்தோடு, முன்பைவிட வேகமாக எழுந்து வரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். குப்பியில் கொள்வது இரண்டு முறைக்கான எண்ணெய். ஆக, வெற்றிகூட ஒரு கடன் பத்திரமாக மாறிவிட்டது. சுட்டு வீழ்த்திய மகிழ்ச்சி வரும் முன்பே இதை எரிக்கவா விடவா என்ற கேள்வி வந்து நிற்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் பதிப்பில் ஒரு நடைபாதையில் சன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். ஆடியவர் யாரும் அதை மறக்கவில்லை. புதிய பதிப்பில் பழைய ஆட்டக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு அதே நடைபாதையில் நடக்கிறான். கண்ணாடி விரிசல் மட்டும் விடுகிறது. நாய் வரவில்லை. அது பிறகு, மறந்திருக்கும் வேளையில் வருகிறது. ஆட்டக்காரனின் நினைவையே கருவியாக்கிக்கொண்ட அந்த முடிவைப் பெரிய கலைஞனின் முடிவு என்றுதான் சொல்வேன்.

நான் முதலில் ஆடியது பூந்தமல்லியில், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு பிளேஸ்டேஷன் கடையில். பர்மா பஜாரிலிருந்து வந்த தட்டுகள். பையன்களுக்கு மல்யுத்தமும் கார் பந்தயமும்தான் வேண்டும். அந்தக் கடையில் மெமரி கார்டு கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் நேரம் முடிந்தால் எல்லாம் போச்சு. அடுத்த முறை மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். சாப்பாட்டு அறை, அதைத் தாண்டிய நடை, குனிந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் உருவம், அது மெல்லத் திரும்பிப் பார்ப்பது. சட்டைப்பையில் இருக்கும் காசும் திரையில் இருக்கும் தோட்டாவும் ஒரே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தன. விளையாட்டைச் செய்தவர்கள் எண்ணிப்பார்த்திராத ஒரு கஷ்டத்தோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை ஆடினார்கள். அந்த மாளிகையின் முதல் சில அறைகள் மட்டும் என் விரல்களுக்கு மனப்பாடம்.

பின்னால் ஒரகடம் பக்கத்தில் மாத்தூரில் அறை எடுத்துத் தங்கியபோது அது வேறு வடிவில் திரும்பி வந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளின் கையில் முதல் கணினியைக் கொடுத்தது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தருமபுரி பக்கங்களிலிருந்து ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்து வந்த தம்பிகள் அதைத் துணிப்பையோடு கொண்டுவந்தார்கள். புதிய விளையாட்டுகளை அந்தக் கணினி இழுக்காது. தொண்ணூறுகளின் விளையாட்டுகளை இழுக்கும். அதனால் பேச்சுலர் அறைகளில் பழசுக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. ஷிப்ட் முடித்து வந்தவன் குளித்துவிட்டு ஆடுவான். படுத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணே, ரிப்பன் ஒண்ணுதான் இருக்கு. இப்பவே சேவ் போட்டுடவா, மேல போயிப் பாத்துட்டு வரவா?"

"போட்றாத. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம போட்டா வேஸ்ட்டுடா."

"செத்துட்டா?"

பதில் சொல்ல அறையில் யாரும் இல்லை. அந்த அமைதியில் எல்லாரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்துப் பார்க்கும் எந்தச் சினிமாவிலும் அரங்கு முழுக்க அப்படி ஒன்றாக மூச்சைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நம் கதைமரபுக்கு இந்தக் கையிருப்புப் பயம் அந்நியமும் இல்லை. பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். நீலி கதை நடந்த ஊர். முற்பிறவியில் தன்னைக் கொன்று, இப்போது வணிகனாகப் பிறந்திருப்பவனைப் பழிவாங்க நீலி மனைவி வேடத்தில் வருகிறாள். வணிகன் அலறுகிறான், இவள் பேய் என்கிறான். ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் நம்பவில்லை. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து இருவரையும் இரவு ஒரே இடத்தில் தங்கவைக்கிறார்கள். வழங்கும் கதைகளில் ஒரு விவரம் வரும். வணிகனிடம் காவலுக்கு ஒரு மந்திர வாள் இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. அவள் அழுது கேட்க, அந்த வாளை அவனிடமிருந்து வாங்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு கதவு சாத்தப்படுகிறது. இந்தக் கதையில் என்னை நடுங்க வைப்பது நீலி இல்லை. வாள் கைமாறும் அந்தக் கணம். கையில் இருந்த ஒரே பொருள் போய், கதவும் சாத்தியாகிவிட்டது. ஆயுதம், அறை, இரவு என்ற மூன்றையும் இவ்வளவு துல்லியமாக அடுக்கியவனுக்கு மிகாமியின் வேலையைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையிருந்திருக்காது.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பிளேஸ்டேஷனின் நினைவகம் இரண்டு மெகாபைட்தான். அடுத்த அறையைத் தட்டிலிருந்து படித்து ஏற்ற நேரம் எடுக்கும். அந்தச் சில நொடிகளை மறைக்க, இருட்டில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறப்பதைக் காட்டினார்கள். இயந்திரத்தின் இயலாமை பயத்தின் பகுதியாகிவிட்டது. கேமராவும் அப்படியே. பின்னணிகள் முன்பே வரைந்து வைத்த படங்கள் என்பதால் கேமரா ஒவ்வோர் அறையிலும் நிலையான கோணங்களில் மட்டுமே நிற்கும். 1992இல் வந்த 'அலோன் இன் த டார்க்' என்ற பிரெஞ்சு விளையாட்டு போட்ட பாதை அது. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது. காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பார்ப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும், கேட்டதும் முடிவெடுக்க வேண்டும். 'ரெசிடென்ட் ஈவில்' வந்து மூன்று ஆண்டு கழித்து, 1999இல் கெய்ச்சிரோ டோயாமா இயக்கிய 'சைலன்ட் ஹில்' வந்தது. தூரத்துத் தெருவை வரைந்துகாட்ட அதே இயந்திரத்துக்குச் சக்தியில்லை. ஊர் முழுக்க மூடுபனியைப் போட்டார்கள். ஒரு ரேடியோவைக் கையில் கொடுத்தார்கள். ஏதேனும் நெருங்கினால் அது இரையும். எங்கிருந்து என்று சொல்லாது.

'சைலன்ட் ஹில்'லின் ஒலியை அமைத்தவர் அகிரா யமாவோகா. அந்த ஊர் தன் இன்னொரு முகத்தைக் காட்டும்போது சுவர்கள் துருப்பிடித்த இரும்பாகும், தரை கம்பி வலையாகும். எங்கோ பெரிய எந்திரம் ஒன்று அடிக்கும், உராயும், மூச்சு விடும். வெளிநாட்டில் எழுதுபவர்கள் இதைக் கொடுங்கனவின் ஒலி என்கிறார்கள். எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் கேட்கும் ஒலி. பிரஸ் ஷாப் இரவெல்லாம் இடிக்கும். காம்ப்ரஸர் திடீரென்று நிற்கும். அந்தத் திடீர் நிசப்தத்தில் தூக்கம் கலையும். யமாவோகாவின் இசை என்னைக் கலங்கடித்தது அது அறியாத ஒலி என்பதால் இல்லை, அறிந்த ஒலியில் ஆள் இல்லை என்பதால். லைன் ஓடுகிறது, லைனில் யாரும் இல்லை. ஆலை மண்ணில் அதைவிடப் பெரிய பயம் இருக்க முடியாது.

அப்படி ஓர் இடத்தை ஸ்ரீபெரும்புதூர் கண்ணால் பார்த்தது. நோக்கியா 2006 தொடக்கத்தில் இங்கே உற்பத்தியைத் தொடங்கி, கோடிக்கணக்கான கைபேசிகளை இங்கிருந்து அனுப்பியது. 2014 நவம்பர் 1இல் ஆலை நின்றது. ஆயிரக்கணக்கானவர்களின், பெரும்பாலும் இளம்பெண்களின், வேலை போயிற்று. 2019 இறுதியில் சால்காம்ப் அதை எடுத்துக்கொள்கிறது என்ற செய்தி வரும்வரை அந்தப் பெரிய கட்டடம் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் சும்மா நின்றது. நோக்கியாவின் கைபேசிகளில் எல்லாரும் ஆடிய பாம்பு விளையாட்டை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. தின்னத் தின்ன நீளும், நீள நீள நகர இடம் குறையும். பயத்தையும் கணக்கையும் கட்டிப்போட்ட மிக எளிய விளையாட்டு அதுதான்.

இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காப்காமே சாட்சி. 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' நான்காம் பாகம் துப்பாக்கிச் சண்டையையும் பதற்றத்தையும் அருமையாகச் சமன்படுத்தியது. அதோடு கதவு திறந்துவிட்டது. 2009இல் ஐந்தாம் பாகம், 2012இல் ஆறாம் பாகம் என்று தோட்டாவும் வெடியும் பெருகின, பயம் வற்றியது. அசுரர்கள் பெரிதாகிக்கொண்டே போனார்கள். ஆட்டக்காரன் அவர்களைவிடப் பெரிதாகிவிட்டான். 2017இல் ஏழாம் பாகத்தில் நிறுவனம் மறுபடி ஒரு வீட்டுக்கும், குறைந்த கையிருப்புக்கும், ஒரு சாதாரண மனிதனுக்கும் திரும்பியது. பயம் திரும்பி வந்தது. காசு செலவழித்துச் செய்துபார்த்த இந்தச் சோதனைக்குப் பிறகு இதில் வாதிட எனக்கு எதுவும் இல்லை. ஆயுதமே கொடுக்காத விளையாட்டுகளும் உண்டு, 2010இல் வந்த 'அம்னீஷியா' அவற்றில் பேர்போனது. நல்ல விளையாட்டு. ஆனால் அங்கே ஒளிவதும் ஓடுவதும்தான். வைத்திருப்பதைச் செலவிடவா என்ற வதை குறைவு என்பதால் என் மனம் அதில் முழுதாக ஒட்டவில்லை.

இவ்வளவு வதைத்துவிட்டு இந்த விளையாட்டுகள் கொடுப்பது என்ன? களைத்து வந்தவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏன் இதை ஆட வேண்டும்?

முதல் பதிலை மாளிகையின் அமைப்பிலேயே காணலாம். வாள், கவசம், கேடயம், தலைக்கவசம் பொறித்த சாவிகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஒவ்வொரு சாவியும் முன்பு பூட்டிக்கிடந்த சில கதவுகளைத் திறக்கும். சுற்றிச் சுற்றி அதே கூடத்துக்கு வந்து சேரும் வழிகள் திறந்துகொண்டே போகும். முதல் மணி நேரத்தில் கூடத்துக்கு வரவே நடுங்கியவன், பின்னால் அந்தக் கூடத்துக்கு வந்ததும் மூச்சுவிடுகிறான். தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறையில் மெல்லிய ஒரு இசை உண்டு. கேட்டவுடன் தோள் இறங்கும். 2019இல் புதிதாகச் செய்த இரண்டாம் பாகத்தில், எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்ட அறை வரைபடத்தில் சிவப்பிலிருந்து நீலமாகும். அந்த நீலம் தரும் நிறைவு எதிரியைக் கொன்றதில் வராது. முதல் விளையாட்டை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் குண்டு தீராத ராக்கெட் லாஞ்சர் பரிசு. முதல் முறை அதில் நாள்கணக்கில் அலைந்தவர்கள்தான் பிறகு அந்த மூன்று மணிக்குள் முடிக்கிறார்கள். மாளிகை மாறவில்லை, பிணங்கள் மாறவில்லை. ஆடுபவனுக்கு வீடு பழகிவிட்டது. பயந்த இடத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளும் இந்த அனுபவத்தை வேறெந்தக் கலையும் இவ்வளவு உடலோடு ஒட்டித் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பதிலை ஸ்டோர்ஸ் வேலையை விட்டபிறகுதான் கண்டுகொண்டேன். அந்த மாளிகையில் தோட்டா குறைவு, ஆனால் போதும். யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இத்தனை பிணம், இத்தனை தோட்டா, இத்தனை பச்சிலை. கவனமாக இருந்தால் கடைசி வரை வரும் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார். விதிகள் கடுமையானவை, ஆனால் இரவோடு இரவாக மாறாதவை. தப்பு செய்தால் அது என் தப்பு, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் பயிற்சியாளர் என்ற பெயரிலும் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரிலும் ஆண்டுகளைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் கையிருப்பும் குறைவுதான். எதுவரை வரவேண்டும் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அடுத்த மாதம் கேட்டில் அட்டை வேலை செய்யுமா என்பதற்கு எந்த வரைபடத்திலும் நிறம் இல்லை. விதி தெரிந்த ஒரு பயத்துக்காக அவர்கள் தூக்கத்தைக் கொடுப்பதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. 2023 டிசம்பரில் 'ரெசிடென்ட் ஈவில் 4' புதிய பதிப்பு ஐபோன் 15 ப்ரோவுக்கு வந்தது, மற்ற பாகங்களும் தொடர்ந்தன. அடுத்த ஆண்டே ப்ரோ வகை ஐபோன்களும் இங்கே பூட்டப்படத் தொடங்கின. கையடக்கமான ஒரு கருவியில் அந்த உலகம் முழுதாக ஓடுவது பொறியியல் சாதனை. ஆனாலும் அதில் ஆடச் சொல்ல மாட்டேன். தானாகப் பதிவாகிக்கொள்ளும், அழைப்பு வந்தால் நின்றுகொள்ளும், கட்டைவிரலே திரையின் பாதியை மறைக்கும். இந்தப் பயத்துக்கு இருட்டான ஓர் அறையும், எழுந்துபோக முடியாத சில மணி நேரமும் வேண்டும்.

தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் டொரண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. நம் வாழ்வு விளையாட்டாகும் என்று அது காட்டிவிட்டது. அடுத்து இந்த ஆலை மண்ணின் திகில் விளையாட்டை யாராவது செய்ய வேண்டும். பேய் பிசாசு அவசியமில்லை. நின்றுபோன ஒரு லைன், வரிசையாக லாக்கர்கள், பாதி எரியும் குழல்விளக்கு, ஒரே ஓர் அடையாள அட்டை போதும். மாத்தூர் அறைகளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய பிள்ளைகளே அதைச் செய்யக் கூடியவர்கள்.

அதுவரை, ஆடிப்பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996இன் மூல விளையாட்டின் கணினிப் பதிப்பை காக் (GOG) இணையக் கடை 2024 ஜூனில் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் கணினியே போதும். யூடியூபில் வழி பார்க்காதீர்கள், பார்த்தால் கணக்கை வேறொருவர் போட்டுவிடுவார். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். சுட்டே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள், சுற்றிக்கொண்டு ஓட இடமிருந்தால் ஓடுங்கள். முதல் முறை கிறிஸை எடுக்க வேண்டாம், ஜில்லை எடுங்கள். அவளுக்கு எட்டு இடம் இருக்கிறது, பூட்டுத் திறக்கும் கம்பியும் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும்.